பதினான்காம் கேள்வி

குலசேகரத்துக்கு மேலே
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய ரப்பர் மரங்களுக்கு நடுவே
எத்வா முண்டாவிடம் பதினான்காம் கேள்வியைக் கேட்டேன்.
இந்தியில் 'ஹம்' என்கிறீர்களே,
உங்கள் மொழியில் எப்படி?

பால்வெட்டுக் கத்தியைச் சாக்கில் துடைத்தபடி
எந்த ஹம், என்றான்.
எத்தனை பேர்?
கேட்கிற ஆள் உள்ளேயா வெளியேயா?

அந்த வாசல் என் தமிழுக்கும் உண்டு.
நாம் என்றால் உள்ளே வா,
நாங்கள் என்றால் அங்கேயே நில்.
அதிலொரு சின்ன கர்வம்கூட இருந்தது எனக்கு.
அவனிடமோ நாலு.

நீயும் நானும் மட்டும் என்றால் அலங்.
ஜார்க்கண்டில் மாடு மேய்க்கும் தம்பியும் நானும்,
நீ கிடையாது: அலிங்.
அபு, இங்கே உள்ள எல்லாரும்.
அலெ...

"லேய், பால் எடுக்க நேரமாச்சு!"
மேட்டிலிருந்து சூப்பர்வைசர் றசலையன்.

"அலெ, அந்த ஆளு இல்லாத்த நாங்க"
என்றான் எத்வா,
இந்தியை விட்டு, சுத்தமான குலசேகரம் தமிழில்.

ஆசியா முழுவதற்கும் அச்சடித்த என் படிவத்தில்
இதற்கு ஒரே கட்டம்.
ஓரத்தில் இடுக்கி எழுதினேன்.
சிரட்டையிலிருந்து சொட்டிய பால்
அலிங் மேல் காய்ந்து ஒட்டிக்கொண்டது.

பத்து மணிக்கு
டிரம்மை மூடிவிட்டுச் சாயாக்கடைப் பக்கம் திரும்பி
ஏதோ சொன்னான்.
கூட்டாளிகள் இருவரும் எழுந்தார்கள்.
நான் பாதி எழுந்தேன்.

வாக்கியத்தின் வாலில் வந்தது
'பு'வா, 'லெ'யா?

மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.
ரெக்கார்டரில் சரியாக அந்த இடத்தில்
ஒரு பைக் போகிறது.