கூடுதல் நேரம்

ஞாயிறுதோறும் சாட்ஸ்வர்த் மைதானத்தில்
இருபத்திரண்டு பேரை
ஒரே விசிலில் நிறுத்தியவர் நீங்கள்.
மாரிட்ஸ்பர்க் சாலையில் அந்த லாரி.
பதினேழு நாள் தொண்டையில் கிடந்த குழாய்
போகும்போது ஒரு தழும்பை விட்டுப் போனது.
தழும்பு தன் பாட்டுக்கு வளர்ந்தது.

பிறகு விசில் உங்களுக்குள்ளிருந்தே ஊதத் தொடங்கிற்று.
படியேறினால் ஊதும்.
ஷூ மாட்டக் குனிந்தால் ஊதும்.
பஸ்ஸில் முன் சீட்டுக் குழந்தை
திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

டாக்டர் ஸொண்டி படம் காட்டினார்:
குரல்நாணுக்குக் கீழே
ஒரு பென்சில் நுழையாத வட்டம்.
"கழுத்தைத் திறக்கப் போவதில்லை, மிஸஸ் நாய்க்கர்.
வாய் வழியே போய் வாய் வழியே வந்துவிடுவோம்.
லேசரால் மூன்று கீறல், அப்புறம் ஒரு பலூன்."
பலூன் என்றதும் நீங்கள் சிரிக்கப் பார்த்தீர்கள்.
விசில்தான் வந்தது.

"அதை ஊதி வைத்திருக்கும் இரண்டு நிமிடம்
உள்ளே காற்று போகாது" என்றார்,
நாளை தண்ணீர் வராது என்று சொல்லிப் போகும்
முனிசிபாலிட்டி ஆளைப் போல.

வெளியே நீல நாற்காலியில்
உங்கள் மேட்ச் கடிகாரத்தோடு நான்.
எந்த இரண்டு நிமிடம் என்று யாரும் சொல்லவில்லை.
ஏதோ ஒன்றில் பொத்தானை அழுத்தி
நானும் மூச்சைப் பிடித்தேன்.
ஐம்பத்தொன்றில் தோற்றேன்.
தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்
ஜூலுவில் என்னவோ கேட்டாள்.
கதவைக் காட்டினேன்.
என் காலடியை மட்டும் விட்டுவிட்டு
மற்ற இடமெல்லாம் துடைத்தாள்.

மறுநாளே வீடு.
கழுத்தில் ஒரு பிளாஸ்டர்கூட இல்லை.
பக்கத்து வீட்டு சிந்தாமணி வந்து
எங்கே வெட்டினார்கள் என்று தேடிப் பார்த்து
ஏமாந்து போனாள்.
மறுபடி குறுகலாம்,
எட்டு மாதமோ எட்டு வருடமோ
என்று தாளில் எழுதியிருக்கிறது.
தாளைக் கரண்ட் பில்லோடு சொருகி வைத்தேன்.

இரவு மூன்று மணி.
விழித்துக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்பது மாதமாய் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்
நீங்கள் இருக்கிறீர்கள் என்று தூங்கியிருக்கிறேன்.
மூக்கடியில் விரல் வைத்தேன்.
வெதுவெதுப்பு.
போதவில்லை. உலுக்கினேன்.

"என்னம்மா, இந்நேரத்துக்கு என்ன வேணும் உனக்கு?"

கரகரத்த குரல்தான்.
ஆனால் நடுவில் எங்கும் நிற்காமல்
கடைசிவரை வந்தது.

ஒன்றுமில்லை, தூங்குங்க என்றேன்.
மஞ்சள் அட்டை காட்டுகிற முகத்தோடு
திரும்பிப் படுத்தீர்கள்.