இரண்டு விரல்

குப்புறப் படுத்திருக்கிறான் தெங் ஷுவான்லின்.
சுங்ஹுவா ஆற்றில் பதினேழு நாளாக ஐஸ் வெட்டுகிறான்,
பாளம் ஒவ்வொன்றும் மூன்று ஆள் கனம்.
வலத் தோள்பட்டைக்குக் கீழே கெட்டியாய் ஒரு முடிச்சு.

மாசிபத்திரிச் சுருட்டைப் பற்றவைத்து
அருகே கொண்டுபோகிறேன்.
"சுடுதா?"
"இல்ல."
இன்னும் அருகே.
"இப்ப?"
"நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க."

குளிர் தின்ற தோல், சொல்லாது.
அதனால்தான் முடிச்சின் இருபுறமும்
என் விரல் இரண்டை ஊன்றிக்கொள்கிறேன்.
அவனுக்குச் சுடவேண்டியது
முதலில் எனக்குச் சுடட்டும்.

சாம்பலைத் தட்டுகிறேன்.
மெல்லச் சிவக்கிறது முதுகு.
கூலி இன்னும் வரவில்லை என்கிறான்
தலையணைக்குள்.
நான் கேட்கவே இல்லை.

விரல் பொறுக்கவில்லை, எடுத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"