ஒரே கணக்கு எண்

ஐந்து பெயர்கள்.
ரிமான்டஸ், வைடோடஸ், இன்னும் மூவர்.
ஐந்து சம்பளமும் போய் விழுவது
ஒரே வங்கிக் கணக்கில்.

லிங்கன்ஷயர்ச் சமவெளியில்
முட்டைக்கோசு பொதியும் சின்னக் கொட்டகை.
பத்தொன்பது பேர். சம்பளக் கணக்கு நான்.
ஏழு மாதமாக அந்த எண்ணைத் தட்டுகிறேன்;
விரலுக்கு மனப்பாடம்,
கண்ணுக்கு உறைக்கவில்லை.

சுவரில் தொங்குகிறது அறிக்கை:
எங்கள் கூடத்திலும்
எங்களுக்கு ஆளும் சரக்கும் தருவோரிடத்திலும்
அடிமை உழைப்புக்கு இடமில்லை.
சூப்பர்மார்க்கெட் கேட்டது,
தேநீர் ஆறுவதற்குள் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இன்று ரிமான்டஸை மட்டும் கூப்பிட்டேன்,
பூட்ஸ் அளவு கேட்கிற சாக்கில்.
கதவைச் சாத்திவிட்டு,
"உங்கள் வங்கி அட்டை யாரிடம் இருக்கிறது?"

சன்னலைப் பார்த்தார்.
வெளியே எஞ்சின் அணைக்காத வெள்ளை வேன்.

"நாற்பத்து மூன்று," என்றார்.

குறித்துக்கொண்டேன்.

ஆள் அனுப்பும் ஏஜென்ட்
முதலாளிக்குத் தூண்டில் கூட்டாளி;
ஞாயிறுதோறும் ஒரே ஏரிக்கரை.
அவரிடம் சொல்லவில்லை.
வேன் வளைவு திரும்பும்வரை பொறுத்து
உதவி எண்ணை அழைத்தேன்.

பெயர், முகவரி, எத்தனை பேர்,
எல்லாம் தடுமாறாமல் சொன்னேன்.
அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்,
குற்றம் சாட்டாத குரலில்:
"இதை முதலில் எப்போது பார்த்தீர்கள்?"