ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

காட்பாடியில்
வங்கிக்கும் பேக்கரிக்கும் நடுவே
ஒரு மெஷின் நிற்கும் அகலத்தில் என் கடை.
மாதத் தவணை ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது.
அதாவது மூவாயிரத்து நூற்றெழுபது பக்கம்,
டோனரும் கரண்டும் வாடகையும்
வேறு யாரோ கட்டுவதாக வைத்துக்கொண்டால்.

மெக்கானிக்கல் படித்தேன்.
அந்தச் சான்றிதழையும் இதே கண்ணாடியில்
முப்பது தடவை கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.
அதற்கு மட்டும் காசு வாங்கியதில்லை.

ஜூன் பிறந்தால்
பட்டா, சிட்டா, வருமானச் சான்று,
அப்பாவின் பான், அம்மாவின் கைநாட்டு,
எல்லார் வீட்டுக் கூரையும்
என் கைவழியாக வங்கிக்குள் போகும்.
சூடாகப் போகும்.

பராகாவுக்குத் தான்சானியா.
அங்கே அரசாங்கமே கடன் கொடுக்குமாம்.
வேலை கிடைத்ததும் சம்பளம் கைக்கு வருமுன்
ஒரு பங்கைக் கிள்ளிக்கொள்ளுமாம்.
வேலை கிடைக்காவிட்டால்? என்றேன்.
"பாக்கலாம்" என்றான், தமிழில்.
இந்த ஊரில் அவன் கற்ற முதல் சொல்
அதுவாகத்தான் இருக்கும்.

பிரமிளா தாபா செமஸ்டருக்கு ஒருமுறை
கத்தாரிலிருந்து அப்பா அனுப்பிய பணச்சீட்டோடு வருவாள்.
தொகை தெளிவாக இருக்கும்.
அனுப்பியவர் பெயர்தான் மங்கல்.
டார்க்காப் போடுங்க அக்கா, என்பாள்.
போடுவேன்.

காவனூர் ஜெயசுதா ஜெர்மனி போனாள்.
காலேஜுக்கு அங்கே பணமே கேட்பதில்லை என்று
ஊர் முழுக்கப் பேச்சு.
சாப்பிட ஒரு வருஷத்துப் பணம் இருக்கிறதென்று
காட்டினால் போதுமாம்.
காட்டத்தான்
குடியாத்தத்தில் மூன்று வட்டிக்கு வாங்கினார்கள்.
பார்த்தவர்களுக்கு ஒரு செலவுமில்லை.

மெல்போர்னிலிருந்து லீவுக்கு வந்த பிரிசில்லா
ஆதார் நகலெடுக்க நின்றபோது சொன்னாள்:
எங்களுக்கு ஒரு கோடு இருக்கு,
சம்பளம் அதைத் தாண்டினாத்தான் கட்டணும்.
இங்கேயும் ஒரு கோடு இருக்கிறது பிரிசில்லா.
அதற்குக் கீழே இருப்பவர்களைத்தான்
முதலில் போனில் கூப்பிடுவார்கள்.

தண்ணியில்லா ஆறு, ராஜாயில்லாக் கோட்டை என்று
வேலூரின் இல்லாமைகளை விரல்விட்டுச் சொல்வார்கள்.
வட்டியில்லா மாதம் என்று ஒன்றைச் சேர்க்க
இதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை.

புதன்கிழமை, கரண்ட் போய் வந்த பிறகு,
பேரணாம்பட்டிலிருந்து முனிரத்தினம் என்று ஒருவர்.
மகள் ரோகிணிக்கு நர்சிங்.
ஸ்டாம்ப் பேடைத் தொடாமலே
பெருவிரல் நகத்தில் நீலம்,
தோல் ஷாப்பின் குரோம் நீலம்.
பதினாலு பக்கம்.
ஜாமீன்தாரர் என்ற இடம் மட்டும் வெறுமை.
"எப்பம்மா கட்ட ஆரம்பிக்கணும்?"
படித்து முடித்து ஒரு வருஷம் கழித்து, என்றேன்.
"அப்போ அஞ்சு வருசம் மூச்சு வுடலாம்."

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
மெஷினின் வெளிச்சம் ஒருமுறை போய்த் திரும்பும் நேரம்
சொல்லாமல்தான் இருந்தேன்.
வட்டி இன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும்ணா.

அவர் காகிதங்களைத் தட்டி ஓரம் சேர்த்தார்.
"தெரியும்மா.
தோலும் அப்டித்தான்.
தொட்டில ஊறப்போட்ட நாள்லருந்தே கணக்கு.
பதமாவுற வரிக்கும் எவன் காத்துனு கீறான்?"

முப்பது ரூபாய் நீட்டினார்.
கல்லாவில் சில்லறை இல்லை.
பேக்கரியிலும் இல்லை.
"வுடும்மா, ரெண்டு ரூபா உன் கணக்குலயே இருக்கட்டும்,
ஜாமீன் கெடச்சதும் அந்தப் பக்கத்த
மறுபடி எடுக்க வருவேன்ல"
என்று படியிறங்கி
வங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

எழுதி வைத்தேன்,
என் தவணை அட்டையின் பின்பக்கத்தில்:
முனிரத்தினம், பேரணாம்பட்டு, 2.
எத்தனை வட்டி என்று
அவர் சொல்லவில்லை.