மாதிரிப் போத்தல்

விசுவமடுவில் எங்கள் கிணற்றுக் கட்டில்
நீல மையில் ஓர் இலக்கம்.
மீளக் குடியேறிய வருசம்
சேறிறைத்து, துருவாளியும் ஒற்றைச் செருப்பும் எடுத்து,
குளோரின் போட்டு,
இனிக் குடிக்கலாம் என்றுவிட்டுப் போனார்கள்.

பிறகு போட்டதெல்லாம் நான்தான்.

மிளகாய்க் கண்டு இலை சுருண்டால்
கடைக்கார நேசராசா இரண்டு மூடி என்பான்,
நான் மூன்று ஊற்றுவேன்.
மருந்துத் தாங்கி அலசிய தண்ணி
வாய்க்காலில் போகும்.
வாய்க்கால் எங்கே போகும்?
மண்ணுக்குள்தான், வேறெங்கே.

சுகாதாரப் பரிசோதகர்
கயிறு கட்டிப் போத்தலை இறக்கினார்.
அதில் என் பெயரை
ஓர் எழுத்துப் பிழையோடு எழுதினார்.
தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி?
நாற்பது என்றேன்.
காலால் அளந்தார்.
பதினெட்டு.
அதையும் எழுதிக்கொண்டார்,
ஒன்றும் பேசவில்லை.

நல்ல வெயில். செம்பில் தண்ணி கொடுத்தேன்.
வாங்கினார், நன்றி என்றார்,
மோட்டார்சைக்கிள் சீற்றில் வைத்தார்.
முடிவு வர மூன்று கிழமையாகும்.
போகும்போது செம்பைத் திருப்பித் தந்தார்,
ஒரு சொட்டும் குறையாமல்.

மூன்று கிழமைக்கு எத்தனை வாளி?
மகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் போத்தல் எத்தனை?
கண்ணாடி மாதிரித் தண்ணி,
உப்புமில்லை கைப்புமில்லை.
இந்த ஒழுங்கையிலேயே நல்ல தண்ணி இதுதான் என்று
பக்கத்து வளவு மெற்றில்டா தினமும் வந்து அள்ளுவாள்.

இன்றும் வந்தாள்.
கப்பி கிரீச்சிட்டது. குடம் பாதி நிறைந்தது.
சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"சந்தையிலை மிளகாய்
இப்ப என்ன விலை போகுது?" என்றேன்.