இந்த வாரம் துடைக்கவில்லை

கோல கெட்டில், சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
பியானோ மேல் பீத்தோவன்,
சாந்துப் பொம்மை, மூக்கு நுனி போனது.

"கறுப்பராமே இவரு?" என்றார் ஆரோக்கியதாஸ்,
மகளை ஏற்றிப்போக வந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
"அந்தக் காலத்து ஆளுங்களே மாநிறம்னு
எழுதி வச்சிருக்காங்க."
லோரி மாணிக்கராஜுவுக்குச் சிரிப்பு.
"என் மச்சானையும் மாநிறம்னுதான்
தரகர் பொண்ணு வீட்டுல சொன்னாரு."

பாட்டன் யார், எந்த ஊர்க் கப்பல், எந்தக் கலப்பு:
மழை இறங்கும்வரை ஓயவில்லை.
பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.
"டீச்சர் நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொல்ல.
பன்னிரண்டாம் நாள் துண்டில் சுற்றி
சீனர் கடைவரிசையிலிருந்து
தோட்டத்து லயத்துக்கு வந்தவள்.
பிறப்புப் பத்திரத்தில் ஓர் இனம்.
நெற்றியில் குங்குமம்.
பெயர் மங்களேஸ்வரி.
மீன் கடையில் இன்றும் எனக்கு
விலை சீனத்தில்தான் வரும்,
நான் தமிழில் பேரம் பேசுவேன்.

"பாப்பா, இடது கை மறுபடி" என்றேன்.
விரல் தவறிய இடத்திலிருந்து
அவள் தொடங்கினாள்.

செம்பனை ஆலைக் கரி
ஜன்னல் வழி வந்து பொம்மையின் கன்னத்தில் படியும்.
சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைப்பேன்.

இந்த வாரம் துடைக்கவில்லை.