உப்புத் துடைத்த கூலி

மருதாசலம் அவர்களுக்கு.
பில்லில் பதினேழாவது வரி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.
‘உப்புத் துடைத்தது, தொண்ணூறு நாள், நாளைக்கு ஐம்பது.’
கோயம்புத்தூரில் இப்படி ஒரு கூலி
கேள்விப்பட்டதே இல்லையாம்.
இருக்காது. உங்கள் ஊர்க் காற்று
இரும்பை நக்கிப் பார்ப்பதில்லை.

மண்டபத்தில் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்,
நடுவில் ரயில், ரோடு, நான்.
மாசியில் வந்த வண்டி வைகாசியில் முடிந்தது.
போகிற வாடை ஒரு கன்னத்தைத் தின்றது,
வருகிற கச்சான் மறுகன்னத்தை.
ராத்திரி பாலிஷ் போட்ட ஸ்போக்ஸில்
விடிந்தால் மஞ்சள் பூத்திருக்கும்.

அதற்காகத்தான் மூடிப்போன ஐஸ் பேக்டரியை
வாடகைக்குப் பிடித்தேன்.
ஒன்றரை அடிச் சுவர், ஜன்னல் கிடையாது.
கதவைச் சாத்தினால் கடல் வெளியே நிற்கும்,
நானும் உள்ளே மூச்சுமுட்டி நிற்பேன்.
திறக்கத்தானே வேண்டும்?

உங்கள் சிஇசட் பார்சல் லாரியில் வந்தது,
சாக்கு சுற்றி, கால் மடங்கிய கிடா மாதிரி.
சைலன்சருக்குள் குளவிக்கூடு.
பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே பிண்டம்.
டீசலில் ஊறப்போட்டு
பதினோரு நாள், காலையும் மாலையும்,
மரக்கட்டை வைத்துத் தட்டினேன்.
பன்னிரண்டாம் நாள் ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது.
அதற்குக் கூலி போடவில்லை, கவனித்தீர்களா?

பிஸ்டன் ரிங் செக் நாட்டிலிருந்து கிளம்பி
சென்னை சுங்கத்தில் ஐந்து வாரம் உட்கார்ந்தது.
ரிங் என்றால் தங்கமா என்று போனில் கேட்டார்கள்.
மட்கார்டு மீராசா ஊற்றியது,
வள்ளத்துக்கு பைபர் ஒட்டுகிறவர்.
முதலில் வந்தது கடல் நீலம்.
‘மிச்சம் கிடந்த கலர்’ என்றார்.
இரண்டாவது சரியான வெள்ளை,
பழக்கதோஷத்தில் படகு நம்பர் எழுத
இடம் மட்டும் விட்டிருந்தார்.

டேங்கின் இடப்பக்கம் ஒரு பள்ளம்.
எடுத்துவிடவா என்று கேட்டேன்.
நெடுநேரம் லைனில் உங்கள் மூச்சு மட்டும்.
அப்புறம் ‘இருக்கட்டும்’ என்றீர்கள்.
இருக்கட்டும் என்பது சுலபம்.
உப்புத் தங்க அதைவிட வசதியான இடம் வண்டியில் இல்லை.
துணியை விரலில் சுற்றி
தினமும் அதற்குள் போய் வந்தேன்.
ஐம்பது ரூபாயில் பாதி அந்தப் பள்ளத்துக்கு.

இனி நீங்கள் கேட்காத ஒன்று.

எஞ்சின் பிடித்த அன்று ராத்திரி
தென்கடல் வற்றிக் கிடந்தது.
ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஷெட்டிலிருந்து ரோடு வரை ஓட்டினாலே தெரிந்துவிடும்.
நான் மணலில் இறங்கினேன்.
இரண்டாவது கியரில் முன்சக்கரம் எழுந்தது,
என் வயிறு பின்னாலேயே நின்றுவிட்டது.
உடைமரமெல்லாம் ஒரே கோடு.
காயப்போட்ட வலை ஒன்றைக் கடைசி நொடியில் பார்த்து
வண்டியைச் சாய்த்துத் திருப்பினேன்.
இடது முழங்கால், நான் சொல்லாமலே,
அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.
அளவெடுத்த மாதிரி.

மரைன் போலீஸ் டார்ச்சோடு ஓடி வந்தார்கள்.
‘எந்தப் படகு? யார் எறக்குறது?’
படகில்லை சார், பந்தய வண்டி.
‘எங்க ஓடும்?’
மண்ணில்.
ஏட்டையா என்னையும் வண்டியையும் பார்த்தார்.
‘மெட்டில்டா, மெக்கானிக்’ என்று நோட்டில் எழுதினார்.
பிறகு தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு
ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறி
இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அன்று ஏறிய உப்பை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.
அது உங்கள் கணக்கில் வராது.
நூறு ரூபாயைக் கழித்து
பில்லைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.
வரி பதினேழு: எண்பத்தெட்டு நாள்.

சனிக்கிழமை எடுக்க வருவதாகச் சொன்னீர்கள்.
போன சனிக்கிழமையும் அதுதான் சொன்னீர்கள்.
நேற்றுத் துடைத்ததை
நான் இன்னும் சேர்க்கவில்லை.